இரசம் நிற்கும் வரை

"வணக்கம் உறவுகளே" என்று தொடங்காதே,
ஊரே அப்படித்தான் தொடங்குது
என்றான் சுவக்கீன்.
மத்திய வீதியில் போன் திருத்தும் கடை அவனுக்கு.
வெடித்த திரைகளின் நடுவே இருந்து
என் முப்பத்தேழு வீடியோவையும்
இரட்டை வேகத்தில் பார்த்து முடித்தான்.

கோட்டை வாசலில் மான்.
பஸ் நிலையத்தில் மான்.
மான் என் கைப்பையைத் தின்றது
(இதற்கு மட்டும் அறுநூறு பேர்).
புறாத்தீவு, புறா இல்லாமல்.
நிலாவெளிக் கரையில் நான் ஓடிவருவது,
கமரா விழுந்ததால்
மறுபடி ஓடிவருவது.

வாயை அகலத் திறந்து ஒரு படம் எடு, முகப்புக்கு.
சிவப்பில் அம்புக்குறி போடு.
எதைக் காட்டுகிற அம்பு என்று கேட்டேன்.
அது முக்கியமில்லை என்றான்.

நான் பாடசாலை ஆய்வுகூடத்தில் உதவியாளர்.
குடுவை கழுவி, அமிலப் போத்தலுக்குப் பெயர் ஒட்டி,
பிள்ளைகள் உடைத்ததைப் பதிவேட்டில் எழுதுகிறவள்.
வாயை அகலத் திறந்தால்
அந்த அறையில் இருமல்தான் வரும்.

ஞாயிறு கன்னியாவுக்குப் போனேன்.
ஏழு கிணறு. பதினொரு கமரா.
"ஒவ்வொரு கிணத்திலயும் ஒவ்வொரு சூடு, உறவுகளே!"
நான்கு பேர் ஒரே நேரத்தில் சொன்னது
காலைப் பிரார்த்தனை போல இருந்தது.
எவ்வளவு சூடு என்று
யாராவது சொல்வார்கள் எனப் பார்த்து நின்றேன்.
வாளியால் அள்ளித் தலையில் ஊற்றி
"ஆ!" என்றார்கள்.
அடுத்த கிணற்றுக்கும் "ஆ!"

இரசாயனவியல் றிஸ்மியா ரீச்சரிடம்
கையெழுத்து வைத்து ஒரு வெப்பமானி வாங்கினேன்.
உடைந்தால் சம்பளத்தில் கழியும்.
அடுத்த ஞாயிறு
ரிக்கெற் கிழிப்பவருக்கு முன்னமே நான் வாசலில்.

நூலில் கட்டி இறக்கினேன்.
இரசம் ஏறும்,
யோசிக்கும்,
இன்னும் ஒரு நூலளவு ஏறும்.
நான் கமராவைப் பார்க்கவில்லை.
எண்ணைப் பார்த்து பென்சிலால் எழுதினேன்.

"மூண்டு நிமிசம் ஒண்டுமே நடக்கேல்ல, வெட்டு!"
இரசம் நிற்க வேண்டும் என்றேன்.
"இரசமா? சமையல் சனலே இது?"

வெட்டவில்லை.
ஒன்றும் நடக்காத அந்த நிமிடங்களில்
நாலாம் கிணற்று விளிம்புவரை வந்த தவளை
யோசித்துத் திரும்பிப் போனது.
துவாய் மறந்து வந்த ஒருவர்
வெயில் வரட்டும் என்று ஈரத்தோடு நின்றார்.

எத்தனை பாகை என்று இங்கே எழுதமாட்டேன்,
சனலுக்கு வாருங்கள்.

முதல் கிழமை பத்தொன்பது பேர் வந்தார்கள்.
அதில் இரண்டு சுவக்கீன்,
ஒன்று கடைப் போனில்.
ஆறாம் கிழமை
மூன்றாம் கிணறு அரைப் பாகை இறங்கியிருந்தது.
அன்றிரவு கிண்ணியாவிலிருந்து ஒரு அழைப்பு.
பெயர் ஜவுபர், இரவுக் காவல் வேலையாம்.
"தங்கச்சி, மூணாவதுக்கு என்ன நடந்த?"
சொந்தத்தில் யாருக்கோ சுகமில்லை என்று
கேள்விப்பட்ட குரல்.
எனக்கும் தெரியாது என்றேன்.
அடுத்த கிழமையும் பார்த்துச் சொல்லச் சொன்னார்.
பிறகு அவரைப்போல் இன்னும் பலர்,
ஊர்கூடித் திரளவில்லை,
ஆனால் வந்தவர்கள் போகவில்லை.

போன ஞாயிறு
ஏழு கிணற்றுக்கும் ஆறு வெப்பமானி.
எல்லாம் இலக்கம் ஒளிரும் வகை,
தண்ணீரில் பட்டதும் கீச்சிடும்.
"களவெடுத்திட்டாங்கள்!" என்று
சுவக்கீன் போனில் துள்ளினான்,
இப்பவாவது அம்புக்குறி போடு என்றான்.

பக்கத்துக் கிணற்றில் நின்ற எதிர்ச் சனல்காரன்
தன் கருவியைத் தூக்கிக் காட்டினான்.
என்ர காட்டிட்டுது, உங்கட எவ்வளவு?

பொறுங்கோ, என்றேன்.

எவ்வளவு நேரம்?

நூல் அசையாமல் இருக்கவேண்டும்,
அதனால் பதில் சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் நின்று பார்த்தான்.
பிறகு தன் கமராவை நிறுத்திவிட்டு
குந்தியிருந்து
அவனும் இரசத்தைப் பார்த்தான்.

என்னுடையது ஓடிக்கொண்டிருந்தது.